ஊசிமுனை ரேடியம்

சென்ற மாதம் அறிவியல் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை படித்தேன். அணுக்களை வெற்றிடத்தில் பிடித்து வைத்து, அவற்றில் சூடானவற்றை வெளியேறவிட்டு, மிச்சத்தை மனிதன் நினைத்துப் பார்க்க முடியாத குளிருக்குக் கொண்டுபோகிறார்களாம். அதில் ஒரு தொல்லை. ஒரே மாதிரிதான் செய்வார்கள், ஆனால் மிஞ்சி நிற்கும் அணுக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். அதனால் வேலை பாதி நடக்கும்போதே மெல்லிய ஒளியைக் காட்டி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். கூடுதலாக இருப்பதை அளந்து வெளியே தள்ளுகிறார்கள். அப்புறம் எத்தனை தடவை செய்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை நிற்கிறது.

படித்து முடித்ததும் அண்ணி ஞாபகம் வந்தது. கூடவே பழைய வயிற்றெரிச்சலும் வந்தது. எண்பது தாண்டியும் அது ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். மலாக்காவில், காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்கு அடுத்தாற்போல் எங்கள் வாடகை வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்பா ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மருந்து கலந்து கொடுத்துவிட்டு மாலையில் வந்து பேப்பரைப் பிரித்தால் உலகத்தில் எது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. கேட்பதற்கு வீட்டில் நான்தான் இருந்தேன். அண்ணனுக்குக் கால்பந்து தவிர வேறு உலகம் கிடையாது. அம்மாவுக்கு அடுப்பும் சாமியும். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடித்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையில் இருந்தவள். ரஷ்யாக்காரன் வானத்தில் விட்ட கோளம் ஏன் கீழே விழவில்லை என்று அப்பா கேட்டபோது, மாங்காயைக் கயிற்றில் கட்டிச் சுழற்றிக் காட்டினேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்தியா, கெட்டிக்காரி" என்றார். மாங்காய் அறுந்துபோய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. அதற்கும் அவர் திட்டவில்லை.

அண்ணி ஈப்போக்காரர். அங்கே பௌதிகம் முறையாகப் படித்தவர். அந்தக் காலத்தில் பெண்பிள்ளைக்கு அது சாதாரண விஷயம் இல்லை. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே என் பள்ளிக்கூடத்திலேயே அவருக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. அதிர்ந்து பேசமாட்டார். கேட்டால்தான் பதில், அதுவும் யோசித்துவிட்டு. ஒரு மாலை அப்பா அதே கோளத்தைப் பற்றி அதே கேள்வியை அவரிடம் கேட்டார். அந்தக் கோளம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, பூமி உருண்டையாக வளைந்து விலகிக்கொண்டே போவதால் தரையைத் தொடவில்லை என்று அண்ணி சொன்னார். அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மாங்காய்க்கு அவர் அப்படிக் கூரையைப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சோற்றில் எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை.

அப்போதுதான் தலைமையாசிரியை ஒரு செய்தி சொன்னார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி நடக்கப்போகிறது. கல்வி இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரி வருகிறார். இங்கிலாந்தில் அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு பெண்ணை அனுப்ப இடம் இருக்கிறது, இந்த வட்டாரத்தில் யாரைச் சிபாரிசு செய்யலாம் என்று அவர் பார்க்கப்போகிறார். இங்கிலாந்து எனக்குப் பெரிதில்லை. குளிரும் வேகவைத்த உருளைக்கிழங்கும் யாருக்கு வேண்டும்? அந்த இடம் எனக்குக் கிடைத்தது என்று அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர் என்னைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்ன காட்டுவது என்பதற்கு யோசனை என்னுடையது. இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் மேக ஜாடி செய்யும் முறையை நான்தான் படித்தேன். மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். மேலே போய்விட்ட அதன் அடிப்பாகத்தில் கம்பளித் துணியை ஒட்டி ஸ்பிரிட்டில் நனைக்க வேண்டும். கீழே வந்த மூடியைக் கறுப்பாக்கி, புகை ஐஸ் கட்டியின் மேல் உட்காரவைக்க வேண்டும். புகை ஐஸ் என்றால் ஐஸ்கிரீம் லோரிக்காரன் பெட்டியில் வைத்திருப்பது. உருகித் தண்ணீராகாது, அப்படியே புகைந்து போகும், தொட்டால் கையைச் சுட்டுவிடும். மேலிருந்து இறங்கும் ஸ்பிரிட் ஆவி கீழே குளிர்ந்து, சொட்டாக மாற ஒரு சாக்கு தேடிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் ரேடியத்திலிருந்து தெறிக்கும் துகள் ஒன்று பாய்ந்தால், அது போன வழியெல்லாம் வெள்ளை நூலாக விழும். துகளை யாரும் பார்க்க முடியாது. அதன் தடத்தைப் பார்க்கலாம்.

ரேடியத்துக்கு எங்கே போவது? அப்பாவிடம் ஓடாத கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கியது, முள்ளும் எண்களும் இருட்டில் பச்சையாக ஒளிரும். அந்தப் பூச்சில் ரேடியம் உண்டு. நான் அத்தனையையும் பிளேடால் சுரண்டினேன். அது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா என் கையை முறித்திருப்பார்.

பக்கத்து வீட்டுச் செட்டியம்மா, மணிச்செருப்பு தைக்க வைத்திருந்த கறுப்பு வெல்வெட்டில் ஒரு துண்டு மூடியில் ஒட்டக் கொடுத்தார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்த குடும்பம், பூஜையெல்லாம் எங்களைவிட ஒழுங்காக நடக்கும், பேச்சு மட்டும் மலாய். ஞாயிற்றுக்கிழமை லோரிக்காரனிடம் ஐஸ் வாங்கி வந்து, கதவு சன்னலை அடைத்து, டார்ச்சை அடித்தோம். ஜாடிக்குள் ஒரே வெள்ளை. எந்த நூல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, நரைத்த தலையை வாராமல் விட்ட மாதிரி. செட்டியம்மா எட்டிப் பார்த்து, "ஹந்து" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மலாயில் பேய் என்று அர்த்தம்.

நிறையப் போட்டால் நிறையத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அண்ணி மூடியிலிருந்த பொடியை வழித்தெடுத்தார். சுரண்டிய பொடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மணியைத் தையல் ஊசியின் முனையில் கோந்து தொட்டு எடுத்தார். ஊசியைத் தக்கையில் குத்தி மூடியில் நிறுத்தினார். அதற்கும் நூல்கள் கூட்டமாகத்தான் வந்தன. அப்புறம் காகிதத்தைச் சுருட்டி ஊசிக்குச் சட்டை மாதிரி மாட்டி, அதில் சின்ன ஓட்டை போட்டார். இந்தத் துகள்கள் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டமாட்டா, ஆகவே ஓட்டையின் அளவுதான் எண்ணிக்கையின் அளவு என்றார். ஓட்டை மிகச் சின்னதாக இருந்தபோது ஒன்றுமே வராமல் எல்லோருக்கும் கழுத்து வலித்தது. கொஞ்சம் பெரிதாக்கினார். ஒரு நூல் வந்தது. அது மறைந்தது. மூச்சுவிட நேரம் கொடுத்து அடுத்தது வந்தது. இருட்டில் நாங்கள் எல்லோரும் ஜாடியைச் சுற்றிக் குனிந்திருந்தோம்.

"கெட்டிக்காரி" என்றார் அப்பா.

அந்தச் சொல்லை அவர் வேறு யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. என் ஜாடி, என் யோசனை, என் கையால் சுரண்டிய ரேடியம். ஓர் ஓட்டை போட்டவர் கெட்டிக்காரியாகிவிட்டார். எனக்கு அப்போதே ஜாடியைத் தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. எழுந்து போய் மாவு ஆட்ட உட்கார்ந்தேன். ஆட்டுக்கல் அன்று பட்ட பாடு அதற்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் நான் அண்ணியிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் வைத்த ரசத்தில் புளி அதிகம் என்றேன். அவர் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து நடந்துபோகும்போது நான் நாலு எட்டு முன்னால் போவேன். அவர் எதையும் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. சண்டைக்கு வராதவரிடம் எப்படிச் சண்டை போடுவது? தலைமையாசிரியை ஜாடியைப் பார்த்துவிட்டு, அண்ணியே பக்கத்தில் நின்று அதிகாரிக்குக் காட்டட்டும், நான் டார்ச் பிடித்தால் போதும் என்று சொல்லிவிட்டார். டார்ச் பிடிக்க ஆணியடித்த சுவர் போதும், வாத்தியார் எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இரவெல்லாம் கண்ணுக்குள் அப்பாவும் அண்ணியும் ஜாடியும்தான்.

கண்காட்சி சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வந்தது. படிப்புக்கும் தொழிலுக்கும் உரியதையெல்லாம் சாமிக்கு முன்னால் வைக்க வேண்டும், மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. எங்கள் புத்தகங்கள், அப்பாவின் கத்தரிக்கோல், இடுக்கி, எல்லாவற்றுக்கும் நடுவில் ஜாடி. கடைசி முறையாக ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாமே என்று அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டார். பூஜையில் வைத்ததை எடுக்கிறதா என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஜாடியின் மேல் சந்தனம், குங்குமம். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. ஈப்போ பௌதிகம் எங்கள் அம்மாவிடம் செல்லாது.

காலையில் நாங்கள் இருவரும் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா மறுபூஜையை முடித்தார். வீடு முழுக்கச் சாம்பிராணி. எங்கள் தலைமுடி, சேலை, பை எல்லாம் அதே வாசம். ஜாடியைத் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது அம்மா, "ஸ்பிரிட்டு நாத்தம் அடிச்சுச்சு. நல்லா வாசம் புடிச்சு வச்சிருக்கேன்" என்றார். ரிக்‌ஷாக்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை நாங்கள் காதில் வாங்கவே இல்லை.

எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானைக்குச் செய்வதைத்தான் அம்மா ஜாடிக்கும் செய்திருந்தார். பானையைச் சாம்பிராணிப் புகைமேல் கவிழ்த்துப் பிடித்து, புகை நிறைந்ததும் டக்கென்று மூடிவிடுவார். அப்புறம் ஊற்றுகிற தண்ணீர் மணக்கும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். லோரிக்காரன் ஐஸ் கொண்டுவரத் தாமதம். அண்ணி அவசர அவசரமாக மூடியை ஒரு விரல் அளவு திறந்து கம்பளியை நனைத்து மூடினார். எங்கள் மேலேயே சாம்பிராணி மணந்ததால் ஜாடி மணந்தது தெரியவில்லை. ஐஸின் மேல் வைத்துக் காத்திருந்தோம். அதிகாரி தலைமையாசிரியையோடு துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நெட்டையானவர், களைத்துப்போன முகம். நான் டார்ச்சை அடித்தேன்.

வெள்ளை. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைவிட மோசமான வெள்ளை. நூலும் இல்லை, தடமும் இல்லை, பால் ஊற்றி வைத்த மாதிரி கெட்டி மூட்டம். தலைமையாசிரியை தொண்டையைக் கனைத்தார். அண்ணியின் முகம் வெளிறியது. நான் மகிழ்ந்தேன். உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை மகிழ்ந்தேன்.

அண்ணி குனிந்து ஜாடியின் ஓரத்தில் மூக்கை வைத்தார். பிறகு என் காதருகே வந்தார்.

"அத்தை உள்ளுக்குச் சாம்பிராணி காட்டிட்டாங்க. ஒவ்வொரு புகைத்தூளும் சொட்டாகி விழுந்துடும். எல்லாம் விழுந்து முடிஞ்சா தானா தெளியும். எனக்குப் பேச வராது. நீ பேசிக்கிட்டு இரு, அவர விட்டுடாதே."

பேசு என்று என்னிடம் யாராவது சொல்ல வேண்டுமா? வாயாடி என்று பசார் வரை பெயர் எடுத்தவள். அதிகாரியைப் பார்த்து, இந்த மூட்டத்தைத்தான் முதலில் காட்ட விரும்பினோம் என்று ஆரம்பித்தேன். நேற்று எங்கள் வீட்டுப் பூஜை, படிப்புக்கான சாமி, இந்த ஜாடியும் அங்கே இருந்தது, அம்மா தண்ணீர்ப் பானைக்குப் போடுகிற மாதிரி இதற்கும் புகை போட்டுவிட்டார் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். மலாக்கா ஆற்றின் மேல் விடியற்காலையில் நிற்கும் மூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். காற்றில் தூசி இல்லாவிட்டால் அந்த மூட்டம் அவ்வளவு சுலபத்தில் நிற்காது என்றேன். ஆவிக்கு ஒட்டிக்கொள்ள ஒரு துணுக்கு வேண்டும். இப்போது ஜாடிக்குள் துணுக்குகள் கணக்கில்லாமல் இருக்கின்றன, ஆனால் முடிவில்லாமல் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சொட்டைச் சுமந்துகொண்டு விழுகிறது. விழுந்தது திரும்ப எழாது. கடைசித் துணுக்கும் விழுந்த பிறகு, ரேடியம் அனுப்புவது மட்டும்தான் மிச்சம் என்றேன்.

பேசப் பேச மூட்டம் மெலிந்தது. மேலே முதலில் தெளிந்தது, பிறகு நடுவில். அண்ணி ஐஸை ஒழுங்குபடுத்துவதும், ஜாடி அசையாமல் பிடித்துக்கொள்வதுமாக இருந்தார். வெல்வெட்டின் கறுப்பு தெரிந்த கொஞ்ச நேரத்தில் ஊசி முனையிலிருந்து ஒரு நூல் கிளம்பியது. மறைந்தது. அடுத்தது வந்தது. அதிகாரி குனிந்தவர் நிமிரவே இல்லை. இவ்வளவு அளவாக எப்படி வருகிறது என்று என்னிடம் கேட்டார். காகிதச் சட்டையையும் ஓட்டையையும் சொல்லி, அது அண்ணியின் வேலை என்றும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுவதுண்டு. ஆனால் விழுங்கியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர் போகும்போது பெயர் கேட்டது என்னைத்தான்.

சில வாரம் கழித்துத் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். இடம் எனக்கு. பிழையை மறைக்காமல் அதையே பாடமாக்கத் தெரிந்தவள் நல்ல ஆசிரியை ஆவாள் என்று அதிகாரி சொன்னாராம். நான் அன்று நடக்கவில்லை, பறந்தேன். மூச்சு வாங்க வீட்டு வாசலுக்கு வந்தால், கூடத்தில் அப்பாவும் அண்ணியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஜாடி. அண்ணி அன்று முன்னதாகவே வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா தன் ஆஸ்பத்திரி இடுக்கியால் காகிதச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் செய்தியைச் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் அழுதார். அண்ணி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். அந்த முகத்தில் ஒரு துளிப் பொறாமை இருக்கிறதா என்று நான் தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கு இருந்ததில் பாதி அவருக்கு இருந்திருந்தால்கூட நான் அன்று நிம்மதியாக இருந்திருப்பேன். கையை விடுவித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. தைரியமா போயிட்டு வா. வீட்டப் பத்தி ஒண்ணும் யோசிக்காதே. அதான் அண்ணி இருக்காங்கல்ல."

தலையை ஆட்டினேன். அவர் ஜாடிப் பக்கம் திரும்பினார்.

"அந்த ஓட்டைய இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிப் பாப்பமாம்மா?"

"பாக்கலாம்பா" என்று நான் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது அண்ணியை.